கடலோர மனை: கட்டணத்தைக் கணக்குப் போடுவதற்கு முன் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் இப்போது பலருக்கும் கண் கிழக்கே போகிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மனை வாங்குகிறார்கள். கடல் பொங்கியதால் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்தவர்கள் என்று நகரத்தார் வழிவழியாகச் சொல்வார்கள். வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவதற்கும் அதையே காரணம் காட்டுவார்கள். பேரப்பிள்ளைகள் மறுபடி கடல் பக்கமே போகிறார்கள். சரி, போகட்டும். ஆனால் போகிறவர்கள் முதலில் கேட்பது, "அப்ரூவலுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மனை எந்த மண்டலத்தில் விழுகிறது என்று தெரியாமல் கட்டணம் பேச முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடலலை உச்சமாக ஏறும்போது தொடும் கோட்டிலிருந்து, நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இதன் பிடி உண்டு. கிராமப்புறக் கரை மூன்றாம் மண்டலத்தில் வரும். அங்கே முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் இதை 50 மீட்டராகக் குறைத்தது. மனைத் தரகர்கள் இந்த 50ஐ மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். அந்த அறிவிக்கையின்படி தயாரித்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றிருந்தால்தான் 50 செல்லும், இல்லாவிட்டால் பழைய 200 மீட்டர்தான் என்று அதிலேயே எழுதியிருப்பதைச் சொல்ல மாட்டார்கள். தடைப் பகுதிக்குள் புதிதாக வீடு கட்ட எவ்வளவு பணம் கட்டினாலும் அனுமதி வராது. பக்கத்தில் மீனவர் வீடு இருக்கிறதே என்று கேட்பதில் பயனில்லை. பாரம்பரியக் கடலோர மக்களுக்கு விதியில் தனி ஏற்பாடு உண்டு, வெளியூர்க்காரருக்கு அது பொருந்தாது.

அடுத்த தவறு, ரசீதை அனுமதி என்று நினைப்பது. ஊராட்சியில் பணம் கட்டியாயிற்று, பிளானில் முத்திரையும் விழுந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்களுக்கும் உள்ளூர் பஞ்சாயத்தின் கட்டட அனுமதி இருந்தது. கடலோர விதியை மீறியவை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது; 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீடு வாங்கியவர்கள் கட்டிய வரியும் கட்டணமும் அவற்றைக் காப்பாற்றவில்லை. மனை வரன்முறைக் கட்டணமும் இப்படித்தான். 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அங்கீகாரமில்லா மனைப் பிரிவுகளுக்கான ஏற்பாடு அது. கடலோர அனுமதி வேறு கோப்பு.

இங்கே இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. விவரங்கள் சரி என்று விண்ணப்பிப்பவரே சான்று தரும் தமிழக அரசின் சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி ஒப்புதல் கிடைக்கிறது. 2019 கடலோர அறிவிக்கையோ, சொந்தக் குடியிருப்பு 300 சதுர மீட்டருக்குள் இருந்தால் மட்டும், மாநிலக் கடலோர ஆணையத்தின் பரிந்துரை இல்லாமல் உள்ளாட்சியே முடிவெடுக்கலாம் என்கிறது. 300 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 3,229 சதுர அடி. 3,400 சதுர அடியில் பிளான் போட்டால் ஒரு விதிக்குள் அடங்கும், இன்னொன்றைத் தாண்டிவிடும். சுயசான்றில் அதிகாரி முன்கூட்டி வந்து மனையைப் பார்ப்பதில்லை. சொன்ன விவரம் பொய்யானால் பொறுப்பு உங்கள் தலையில்தான். இன்னொன்று: "சொந்தக் குடியிருப்பு" என்று எழுதிவிட்டு ஹோம்ஸ்டே நடத்தக் கூடாது. செட்டிநாட்டு வீடுகள் விடுதியாகி நன்றாக ஓடுவதைப் பார்த்து இந்த ஆசை வருகிறது. விடுதிக்கு விதி வேறு, ஆய்வு வேறு, செலவும் வேறு.

அப்புறம்தான் கட்டணம். போன வருடம் மச்சினர் கட்டிய தொகையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். உள்ளாட்சியின் தரம் மாறினால் விகிதம் மாறும். 2024இல் மாநகராட்சியான காரைக்குடியில் கட்டியவர் சொல்லும் கணக்கு, பேரூராட்சியான தொண்டிக்கோ ஊராட்சியான கோட்டைப்பட்டினத்துக்கோ பொருந்தாது. 3,000 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வைத்து ரிசார்ட் கட்ட நினைப்பவர்கள், பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டிய திறந்தவெளி ஒதுக்கீட்டுக்குப் பதில் பணம் கட்டுவதானால், அது வழிகாட்டி மதிப்பைப் பிடித்துக்கொண்டு ஏறும். தொழிலாளர் நல நிதி கட்டுமானச் செலவில் 1 சதவீதம். சிமெண்டும் கம்பியும் விலை ஏறினால் இதுவும் கூடும்.

கடலோர ஆணையத்தின் பரிந்துரை தேவைப்படும் கட்டடமானால் இதற்கு மேல் இரண்டு செலவு. ஒன்று, ஆணையத்தின் பரிசீலனைக் கட்டணம். மற்றொன்று, உங்கள் புல எண்ணை 1:4000 அளவு வரைபடத்தில் பொருத்தி உயர் அலைக்கோட்டைக் காட்டித் தரும் நிறுவனத்துக்கான தொகை. அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் இதைச் செய்ய வேண்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் செய்கிறது. உள்ளூர் சர்வேயர் டேப் பிடித்து அளந்த தாளுக்கு அங்கே மதிப்பில்லை. என்னைக் கேட்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய செலவு இது. மண்டலம் சரியில்லை என்று தெரிந்தால் மற்ற எல்லாச் செலவும் மிச்சம்.

மனைக்குப் பக்கத்தில் அலையாத்திக் காடு இருந்தால் தரகர் "குளுமையான வியூ" என்பார். தொண்டிக்குத் தெற்கே காரங்காடு பக்கம் இதைக் கேட்கலாம். அந்தக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையம். அதற்குள் வீட்டுக்கு இடமில்லை.

அனுமதி வந்த பிறகு பத்திரத்தோடு பூட்டி வைத்துவிட்டு, மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபின் கட்டலாம் என்று இருப்பவர்கள் தேதியைப் பாருங்கள். கடலோர அனுமதிக்கு ஆயுள் வரம்பு உண்டு. கட்டட அனுமதிக்கும் தனிக் காலக்கெடு உண்டு. அது முடிந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறதோ அதைத்தான் கட்ட வேண்டும்.