ஸ்டார் பிளேயர் கிளப் மாறுகிறாராமே, நம்பலாமா? புது ரசிகர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஜூன் பிறந்தால் போதும், கால்பந்து ரசிகர்களுக்கு இன்னொரு சீசன் தொடங்கிவிடும். மைதானத்தில் பந்து உருளாது. ஆனால் "அவர் அங்கே போகிறாராம்", "இவ்வளவுக்குக் கேட்டிருக்கிறார்களாம்" என்ற வாக்குவாதம் மட்டும் ஆகஸ்ட் கடைசி வரை ஓயாது. காலையில் "முடிந்துவிட்டது" என்பார்கள், சாயங்காலம் "வாய்ப்பே இல்லை" என்பார்கள். புதிதாகக் கால்பந்து பார்க்க வந்தவர்கள் யாரை நம்புவது என்று தெரியாமல் திணறிப்போகிறார்கள்.

செய்தியை யார் சத்தமாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீரரின் ஒப்பந்தம், கிளப்பின் கணக்கு, லீக்கின் விதி. இந்த மூன்றும் ஒத்துவராவிட்டால் எவ்வளவு பெரிய ஆசையும் நடக்காது. ஒத்துவந்தால், யாரும் எதிர்பார்க்காத மாற்றம்கூட ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படி 1: ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது?

எந்த வதந்தி வந்தாலும் முதலில் தேட வேண்டியது இந்த ஒரு தேதியைத்தான். ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30 அன்று முடியும். எந்த வருஷத்து ஜூன் என்பதுதான் கேள்வி.

இந்தத் தேதிக்கு இவ்வளவு பலம் வந்ததற்குக் காரணம் ஜான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜிய வீரர். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவருடைய பழைய கிளப் பணம் கேட்டு அவரை விட மறுத்தது. அவர் வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து ஒப்பந்தம் முடிந்த வீரர் கட்டணம் எதுவும் இல்லாமல் போகலாம். கடைசி 6 மாதங்களில் வேறொரு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்துப் போடவும் உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் விதி இடம் தருகிறது.

ஆகவே மூன்று வருஷம் மிச்சமிருந்தால் பிடி கிளப்பிடம் இருக்கிறது. ஒரு வருஷம்தான் மிச்சம் என்றால் பிடி வீரர் கைக்குப் போய்விட்டது. இதை ஒரே வீரரை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் 2018இல் இங்கிலாந்து கிளப்பான டாட்டன்ஹாமோடு 2024 வரை ஒப்பந்தம் போட்டார். 2021 கோடையில் மான்செஸ்டர் சிட்டி அவரை விரும்பியது. அவருக்கும் போக மனம் இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பல ரசிகர்கள் அதை முடிந்த கதையாகவே பேசினார்கள். ஆனால் மூன்று வருஷம் மிச்சம். இந்தத் தொகை கொடுத்தால் விட்டுவிட வேண்டும் என்ற ரிலீஸ் கிளாஸும் இல்லை (இதை அடுத்த படியில் பார்ப்போம்). தலைவர் டேனியல் லெவி அசையவில்லை. ஆகஸ்ட் 25 அன்று, தான் டாட்டன்ஹாமிலேயே இருக்கப்போவதாகக் கேன் அறிவித்தார். இரண்டு வருஷம் கழித்து, அதே வீரர், அதே கிளப், அதே தலைவர். இப்போது ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே வருஷம். விற்காவிட்டால் அடுத்த கோடையில் ஒரு காசுகூட வராது. லெவண்டோவ்ஸ்கியை இழந்திருந்த பயர்ன் மியூனிக்குக்கு ஸ்ட்ரைக்கர் அவசரமாகத் தேவை. 2023 ஆகஸ்ட் 12 அன்று கேன் பயர்ன் வீரராகிவிட்டார். 2021இல் இல்லாதது 2023இல் எப்படி வந்தது என்று கேட்டால், மாறியது காலண்டர்தான்.

எம்பாப்பே கதையும் இதே வழியில் போனதுதான். 2021இல் ரியல் மாட்ரிட் பெரும் தொகையோடு வந்தும், அவர் ஆடிய பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி. விற்கவில்லை. 2022இல் அவர் ஒப்பந்தத்தை நீட்டித்தார். 2024 கோடையில் அது முடிந்ததும் கட்டணமே இல்லாமல் மாட்ரிட் போய்ச் சேர்ந்தார்.

படி 2: ரிலீஸ் கிளாஸ் உண்டா?

ரிலீஸ் கிளாஸ் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும் விடுவிப்புத் தொகை. அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டால் கிளப் "முடியாது" என்று சொல்ல வழியில்லை. ஸ்பெயினில் இது வழக்கமாகவே எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். நெய்மருக்குப் பார்சிலோனா வைத்திருந்த தொகை 222 மில்லியன் யூரோ. யாரும் கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வைத்த தொகை. 2017 ஆகஸ்டில் பி.எஸ்.ஜி. அதைக் கொடுத்துவிட்டது. பார்சிலோனாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, கிளாஸுக்குக் கெடு இருக்கலாம். 2020 ஆகஸ்டில் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போக விரும்பினார். சீசன் முடிவில் இலவசமாக விலகும் உரிமை அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் அதற்கான கெடு ஜூனிலேயே முடிந்துவிட்டது என்றது கிளப். கொரோனாவால் அந்த சீசன் ஆகஸ்ட் வரை இழுத்ததால், கெடுவும் நீளும் என்பது மெஸ்ஸி தரப்பின் வாதம். எடுபடவில்லை. 700 மில்லியன் யூரோ கிளாஸ்தான் செல்லும் என்று ஸ்பெயின் லீக்கான லா லிகாவும் சொல்லிவிட, அவர் அந்த வருஷம் தங்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, கிளாஸின் வாசகம். 2013 கோடையில் லூயிஸ் சுவாரெஸுக்காக ஆர்சனல் 40 மில்லியன் பவுண்டோடு ஒரு பவுண்டு சேர்த்துக் கேட்டது. 40 மில்லியனைத் தாண்டினால் விட்டே ஆக வேண்டும் என்று அவர்கள் அந்த வரியைப் படித்திருந்தார்கள். அந்த வரிக்குப் பொருள் என்ன என்பதிலேயே இரு தரப்பும் முரண்பட்டன. லிவர்பூல் விற்கவில்லை. அதனால் "கிளாஸ் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எவ்வளவு, எந்தத் தேதி வரை, என்ன நிபந்தனை என்று அடுத்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

படி 3: வாங்கும் கிளப்பின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பெரும்பாலான விவாதங்கள் தடம் புரள்வது இங்கேதான். "100 மில்லியனா? அவர்களிடம் ஏது அவ்வளவு பணம்?" என்று ஒருவர் கேட்பார். "முதலாளி கோடீஸ்வரர்" என்று இன்னொருவர் பதில் சொல்வார். இரண்டுமே பாதிதான் சரி.

டிரான்ஸ்பர் தொகையைக் கணக்குப் புத்தகத்தில் ஒரே வருஷத்தில் எழுத மாட்டார்கள். ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். 100 மில்லியனுக்கு வாங்கி 5 வருஷ ஒப்பந்தம் போட்டால், வருஷத்துக்கு 20 மில்லியன் செலவு. அதோடு சம்பளத்தைக் கூட்டுங்கள். வருஷத்துக்கு 15 மில்லியன் சம்பளம் என்றால், அந்த வீரர் கிளப்புக்கு வருஷா வருஷம் 35 மில்லியன். நீங்கள் எடை போட வேண்டியது இந்த எண்ணைத்தான். சம்பளம் அதிகம் வாங்கும் வீரர் இலவசமாக வந்தாலும் சுமை பெரிதாக இருப்பது இதனால்தான்.

செல்சி இதை ஒரு படி நீட்டிப் பார்த்தது. 2023 ஜனவரியில் என்ஸோ பெர்னாண்டஸை 106.8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி, எட்டரை வருஷ ஒப்பந்தம் போட்டது. வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 12.6 மில்லியனுக்குள் அடங்கிவிடும். இதைப் பார்த்த ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ, எவ்வளவு நீள ஒப்பந்தமாக இருந்தாலும் தொகையை 5 வருஷத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று 2023 கோடையிலிருந்து விதி போட்டது. அந்த வருஷக் கடைசியில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் அதையே செய்தது. பழைய நீள ஒப்பந்தங்களைக் காட்டி "இப்படிச் செய்யலாமே" என்று யாராவது வாதிட்டால், இந்த விதியைச் சொல்லுங்கள்.

விற்கும் பக்கமும் இதே கணக்குத்தான். 60 மில்லியனுக்கு 5 வருஷ ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் மதிப்பு மூன்று வருஷம் கழித்துப் புத்தகத்தில் 24 மில்லியன். அவரை 40க்கு விற்றால் 16 மில்லியன் லாபம். 20க்கு விற்றால் நஷ்டம். கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம், விற்ற தொகை முழுக்க லாபம். ரசிகர்களுக்கு மனசு கேட்காது என்று தெரிந்தும் உள்ளூர்ப் பையன்களைக் கிளப்புகள் விற்பதற்குக் காரணம் இதுதான். 2024 ஜூன் கடைசியில் நியூகாசில் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் பாரஸ்ட்டுக்கு விற்றது அப்படித்தான். கணக்கு வருஷம் ஜூன் 30 அன்று முடிவதால், அதற்கு முந்தைய வாரத்தில் வரும் விற்பனைச் செய்திகளைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

இந்த லாப நஷ்டக் கணக்குக்கு லீக் வைத்த வரம்பை மீறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். 2023 நவம்பரில் எவர்ட்டனிடமிருந்து 10 புள்ளிகளைப் பிடுங்கினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. ஸ்பெயினில் இன்னும் கடுமை: லீக் விதித்த சம்பள வரம்பைத் தாண்டினால் வீரரைப் பதிவு செய்யவே முடியாது. 2021இல் மெஸ்ஸியும் தங்க விரும்பினார், பார்சிலோனாவும் வைத்துக்கொள்ள விரும்பியது. சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ள அவர் முன்வந்தும் நடக்கவில்லை.

படி 4: அணியில் இடம் இருக்கிறதா?

இது எளிது. அதே இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார், அவருக்கு என்ன வயது, அவரை விற்கப்போகிறார்களா என்று பாருங்கள். பழையவர் வெளியே போகும் செய்தி இல்லாமல் புதியவர் வரும் செய்தி மட்டும் வந்தால், பொறுத்திருங்கள்.

படி 5: இந்தச் செய்தியால் யாருக்கு லாபம்?

டிரான்ஸ்பர் செய்தி தானாகக் கசியாது. வீரரின் ஏஜென்ட் சொல்லியிருக்கலாம், பழைய கிளப்போடு சம்பள உயர்வு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்காக. விற்கும் கிளப் சொல்லியிருக்கலாம், இன்னொரு ஆள் போட்டிக்கு வந்தால் விலை ஏறும் என்பதற்காக. இதில் பொய் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உண்மையின் ஒரு துண்டைத் தனக்குச் சாதகமான நேரத்தில் வெளியே விடுகிறார்கள், அவ்வளவுதான்.

சொற்களையும் உற்றுப் படியுங்கள். "கவனித்து வருகிறது" என்றால் எல்லாப் பெரிய கிளப்பும் எல்லா நல்ல வீரரையும் கவனித்துத்தான் வருகிறது. "விசாரித்தது" என்றால் ஒரு போன் போயிருக்கிறது. "தொகை குறிப்பிட்டுக் கேட்டது" என்று வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

மறுப்பு வந்தாலும் அதோடு கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். 2017 ஜூனில் லிவர்பூல், வான் டைக் விஷயத்தில் சவுத்தாம்ப்டனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அவரை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டதாக அறிக்கையே விட்டது. அடுத்த ஜனவரியில் 75 மில்லியன் பவுண்டுக்கு அவர் லிவர்பூலில் இருந்தார்.

படி 6: எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

இரண்டு கிளப்புகளும் தொகையில் உடன்பட வேண்டும். வீரர் சம்பளத்துக்குச் சம்மதிக்க வேண்டும். மெடிக்கல், அதாவது உடல் பரிசோதனை, முடிய வேண்டும். கையெழுத்து விழ வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கவிழ்ந்த கதைகள் உண்டு.

2023 ஆகஸ்டில் கைசெடோவுக்கு லிவர்பூல் கொடுப்பதாகச் சொன்ன 111 மில்லியன் பவுண்டைப் பிரைட்டன் ஏற்றுக்கொண்டது. வீரர் செல்சிதான் வேண்டும் என்றார், செல்சிக்கே போனார். 2013இல் வில்லியன் டாட்டன்ஹாமில் மெடிக்கல் வரை போய்விட்டுச் செல்சியில் கையெழுத்துப் போட்டார். 2018 ஜூலையில் மால்கம் வருவதாக ரோமா அறிவித்தே விட்டது, ரசிகர்கள் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். மறுநாள் அவர் பார்சிலோனா வீரர். "கிளப்புகள் உடன்பட்டுவிட்டன" என்ற செய்தி பெரியதுதான், ஆனால் வீரரின் சம்மதம் வரும்வரை கொண்டாட வேண்டாம்.

படி 7: இப்போது விவாதத்துக்கு வாருங்கள்

மேலே சொன்ன ஐந்தாறு விவரங்களைப் போனில் குறித்து வைத்துக்கொண்டால், யாரோடும் நிதானமாகப் பேசலாம். "வருவார்", "வரமாட்டார்" என்று அடித்துச் சொல்லாமல், "மிச்சம் இரண்டு வருஷம், கிளாஸ் இல்லை, அதனால் பத்தில் மூன்று வாய்ப்பு" என்று சொல்லிப் பாருங்கள். எது நடந்தால் உங்கள் கணிப்பு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரே இருப்பவரும் காரணத்தோடு பேச ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுதான் ருசி.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீரரைத் திட்டாதீர்கள். 2025 மே மாதம் அலெக்சாண்டர் ஆர்னால்ட் லிவர்பூலை விட்டுப் போவதாகச் சொன்னதும், சொந்த மைதானத்திலேயே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். ஆறு வயதில் அந்தக் கிளப்புக்கு வந்தவர். ஒப்பந்தம் முடிய ஒரு மாதமே மிச்சமிருந்தபோதுதான் கிளம்பினார். ரசிகர்களுக்கு வலித்தது நியாயம். ஆனால் வலிக்கிறது என்பதற்காக ஒரு மனிதரையும் அவர் குடும்பத்தையும் ஏசுவதில் எந்த நியாயமும் இல்லை.

படி 8: கடைசி நாளும் அதற்குப் பிறகும்

விண்டோ, அதாவது வீரர்கள் கிளப் மாற அனுமதி உள்ள காலம், மூடும் நாளில் கடிகாரமும் ஒரு கட்சிக்காரர்தான். 2015 ஆகஸ்ட் 31 இரவு, கோல்கீப்பர் டி கேயா ரியல் மாட்ரிட் போவது எல்லாம் பேசி முடிந்திருந்தது. ஆவணங்கள் சில நிமிடங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. அவர் 2023 வரை மான்செஸ்டர் யுனைடெட்டிலேயே ஆடினார்.

அறிவிப்பு வந்து, புது ஜெர்சியோடு படம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி: லீக்கின் பதிவுப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று பாருங்கள். 2024 ஆகஸ்டில் டேனி ஓல்மோவைப் பார்சிலோனா வாங்கியது. சம்பள வரம்புச் சிக்கலால் முதல் இரண்டு லீக் ஆட்டங்களுக்கு அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. ராயோ வயெகானோவுக்கு எதிரே மாற்று வீரராக இறங்கி, அன்றைய வெற்றி கோலை அவரே அடித்தார்.