மறுபடியும் தட்டும் எஞ்சின்: ஓவர்ஹாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவர்ஹால் செய்து சில வாரங்களே ஓடிய எஞ்சினோடு சிங்கப்பூரில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். மினி, மோரிஸ் மைனர், பழைய டட்சன் என்று ஆசைப்பட்டு வாங்கி, சேமிப்பைக் கரைத்துப் புதுப்பித்தவர்கள். எங்கள் தலைமுறை தொழில் பழகியபோது செய்த பிழைகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. நட்டை அளவில்லாமல் முடுக்குவது, பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயதாகித் தேய்ந்த எஞ்சின் வேறு, தப்பாகப் பூட்டிய எஞ்சின் வேறு. தேய்ந்த எஞ்சின் மெல்ல மெல்லக் கெடும். தப்பாகப் பூட்டியதில் கெட்டுப்போவது புதிய பாகம். ஆகவே "எது தேய்ந்தது?" என்று தேடினால் விடை கிடைக்காது. "எந்த வேலையைச் செய்யாமல் விட்டார்கள்?" என்று தேட வேண்டும்.

சோதிக்காமல் கழற்றுவது

சத்தம் கேட்டதும் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது மட்டுமே கிடைக்கிற தடயங்கள் உண்டு. கழற்றிவிட்டால் அவை போய்விடும்.

டாஷ்போர்டில் இருக்கும் பழைய எண்ணெய் அழுத்த அளவுமானியை நம்பாதீர்கள். நேரடியாகக் குழாய் செருகும் அழுத்தமானியை மாட்டுங்கள். மினி, மோரிஸ் மைனர் கார்களில் இருக்கும் ஏ-சீரிஸ் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவிலும் ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) 15 பவுண்டு அளவிலும் எண்ணெய் அழுத்தம் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டராக ஸ்பார்க் பிளக் கம்பியைப் பிரித்துத் தரையிணைப்பு கொடுத்துப் பாருங்கள். எந்தச் சிலிண்டரைப் பிரித்ததும் தட்டும் ஓசை அடங்குகிறதோ, பெரும்பாலும் அதன் பிஸ்டனைக் கிராங்க்கோடு (எஞ்சினின் சுழலும் முதன்மைத் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்தான் போயிருக்கும்.

புகை எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள். வேகம் கூட்டும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளைச் சந்தேகிக்கலாம். சரிவில் காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும்போது வந்தால் வால்வுத் தண்டு நகரும் குழல்களான வால்வு கைடுகளைப் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் சோதனையோடு நின்றுவிடாமல், பிஸ்டனை மேல்முனையில் நிறுத்திச் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்துங்கள். கார்புரேட்டரில் இரைந்தால் இன்டேக் வால்வு, புகைக்குழாயில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் இரைந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

கடைசியாக, ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க்கை அப்படி நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது அல்லது எண்ணெய்க் கோடுகள் தவறான பக்கம் பார்க்கும்படி மாட்டப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி வைத்த பிறகு கழற்றலாம்.

பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது

இந்தத் தவறைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இவ்வளவு பணத்தை விழுங்கும் பிழை வேறில்லை.

ஈசூனில் குடியிருக்கும் ஒரு தம்பி தன் மினியை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சினை முழுமையாகப் புதுப்பித்த சில வாரங்களில் தட்ட ஆரம்பித்திருக்கிறது. புதுப்பித்த பட்டறையே எஞ்சினை இறக்கி, கிராங்க்கைச் சாணை பிடித்து, புது பேரிங் போட்டுக் கொடுத்தது. தீவு விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது மறுபடியும் அதே சத்தம். "அண்ணே, இரண்டு தடவையும் நல்ல பேரிங்தான் போட்டார்கள், பெட்டியை நானே பார்த்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். பேரிங்கில் குற்றமே இல்லை.

எண்ணெய் வடிகட்டியின் காகிதத்தை வெட்டி விரித்து, பிழிந்து, வெயிலில் வைத்துக் காட்டினேன். மடிப்புக்கு மடிப்பு சரிகைத் தூள் கொட்டியதுபோல் மினுமினுத்தது. காந்தத்தைக் காட்டியபோது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, அது இரும்பு. ஒட்டாமல் நின்றதில் வெள்ளி நிறத் துகளும் செம்பு நிறத் துகளும் இருந்தன. அவை பேரிங்கின் மேல்பூச்சும் அதன் அடியில் இருக்கும் செம்புக் கலவையும். பேரிங் தகட்டைக் கழற்றி நகத்தால் வருடினால் கோடு கோடாகத் தட்டுப்பட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த மெல்லிய உலோகத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் புதைந்திருந்தன. அவை சாணைத் தூள்.

எண்ணெய் போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கிவிடும். பம்ப்பிலிருந்து எண்ணெய் வடிகட்டிக்குப் போகிறது. அங்கிருந்து, சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் முதன்மைத் துளைக்கும், அதிலிருந்து கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளுக்கும், பிறகு கிராங்க்கின் உள்ளே குடைந்த துளைகள் வழியாகக் கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கும் போகிறது. வடிகட்டியைத் தாண்டிய பாதையில் அழுக்கு தங்கியிருந்தால், அதற்கும் பேரிங்குக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. "வடிகட்டி பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும்போது இதை மறந்துவிடுகிறார்கள். அந்த வடிகட்டியிலும் மாற்றுவழி வால்வு ஒன்று இருக்கிறது. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ காகிதம் அடைத்துக்கொண்டாலோ அது திறந்துகொள்ளும். வடிகட்டாத எண்ணெய் நேராக உள்ளே போகும்.

ஏ-சீரிஸ் பிளாக்கில் இந்தத் துளைகளின் முனைகளைப் பித்தளை அடைப்பான்கள் மூடியிருக்கும். அவற்றைத் துளையிட்டு எடுக்காமல் உள்ளே தூரிகை விட முடியாது. அந்தத் தம்பியின் பிளாக்கில் தொழிற்சாலையில் அடித்த அடைப்பான்கள் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்ததும், மூலையில் எண்ணெயோடு குழைந்த சாம்பல் நிறச் சேறு விரலில் வழிந்தது. இரண்டு முறை பிரித்தவர்கள் இரண்டு முறையும் இதைத் தொடவில்லை! லேத் பட்டறையில் தொட்டியில் முக்கி எடுத்ததைக் கழுவியதாக எண்ணிவிட்டார்கள்.

மினியில் இன்னொரு சங்கடமும் உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன, கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியாகவே அமைந்திருக்கிறது. ஆகவே பேரிங் உதிர்ந்தால் துகள் கியர்பாக்ஸுக்குள் இறங்கிவிடும். அதையும் முழுதாகப் பிரித்துக் கழுவியாக வேண்டும். பேரிங்கைப் பார்க்க வேண்டுமானாலே எஞ்சினைக் காரிலிருந்து எடுக்க வேண்டிய வண்டியில், கழுவாமல் மூடுவதன் விலை எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். அவருக்கு மூன்றாவது முறையாக எஞ்சின் இறங்கியது. கிராங்க்கை அடுத்த அளவுக்குச் சாணை பிடிக்க இடமில்லாமல் வேறு கிராங்க் தேட வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான வெள்ளி, ஒரு மணி நேரத் தூரிகை வேலையைத் தவிர்த்ததற்காகப் போனது.

கழுவும் முறையைச் சொல்கிறேன். எல்லா அடைப்பான்களையும் எடுங்கள். கிராங்க்கிலும் பாருங்கள். ஜாகுவார் எக்ஸ்கே போன்ற எஞ்சின்களில் கிராங்க்குக்குள் சேறு தங்கும் குழிகளுக்குத் திருகு அடைப்பான்கள் உண்டு, அவையும் வெளியே வர வேண்டும். சுடுநீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, நீளமான நைலான் தூரிகையை ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் விட்டுத் தேயுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெயைக் கரைக்கும், ஹோனிங் செய்த (கல்லால் தேய்த்துக் கீறலிட்ட) சிலிண்டர் சுவரின் கீறல்களில் ஒட்டியிருக்கும் கல்தூளை எடுக்காது. சோப்பு நீர்தான் எடுக்கும். எடுத்துவிட்டதா என்பதற்கு ஒரே சோதனை: சுத்தமான எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடியும் கழுவுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் கழுவிய இரும்பு நிமிடங்களில் செம்பட்டை அடிக்கும். காற்றழுத்தத்தால் உலர்த்தியதும் எண்ணெய் தடவிவிடுங்கள், தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஏற்கெனவே பேரிங் உதிர்ந்த எஞ்சினில் ஆயில் கூலர் இருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். அதன் உள்மடிப்புகளை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது.

பேரிங் தகட்டின் முதுகைப் படிக்காமல் பூட்டுவது

சாணை பிடித்த கிராங்க்குக்கு 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று அளவு குறைந்த பேரிங்குகள் வரும். அளவு தகட்டின் முதுகில் அச்சாகியிருக்கும், பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பிளாஸ்டிகேஜ் இழையை (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளியையும் அளந்துவிடுங்கள். ஓர் அங்குல விட்டத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு.

ரிங்கைத் தலைகீழாக மாட்டுவது

எழுத்து பொறித்த பக்கம் மேலே.

ஹெட் போல்ட் துளையில் எண்ணெய் தேங்கவிடுவது

அடி மூடிய துளையில் எண்ணெய் நின்றால் முடுக்கும்போது அழுத்தம் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும்.

ஐடிலில் ஓடவிட்டுப் பழக்குவது

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழங்கார் திட்டத்தில் பதிவான காரை ஆண்டுக்கு 45 நாள் வரைதான் ஓட்டலாம். அந்த நாள்களைச் சேமிக்கும் எண்ணத்தில், புது எஞ்சினை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி வாகன நிறுத்துமிடத்திலேயே மணிக்கணக்காக ஐடிலில் ஓடவிடுகிறார்கள். நின்ற வண்டியில் எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். எஞ்சினுக்கும் அதனால் கேடுதான். ரிங்குகளுக்குப் பின்னால் எரிந்த வாயுவின் அழுத்தம் வந்து அவற்றைச் சிலிண்டர் சுவரோடு அழுத்தினால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று படியும். ஐடிலில் அந்த அழுத்தம் கிடையாது. சுவர் கண்ணாடிபோல் வழவழத்துவிடும், பிறகு எஞ்சின் எண்ணெய் குடிப்பதை நிறுத்த மறுபடி ஹோனிங் செய்ய வேண்டும்.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் இதே கதிதான். இத்தகைய எஞ்சின்களில் கிராங்க் சுழன்று தெறிக்கும் எண்ணெய்தான் கேமை நனைக்கிறது. ஐடிலில் தெறிப்பு குறைவு, ஸ்பிரிங்கின் சுமையோ கேம் முனைமீது மிக அதிகம். புது கேமும் அதன்மேல் உட்காரும் புது டேப்பெட்டும் போட்டிருந்தால், ஸ்டார்ட் செய்தவுடன் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கொண்டுபோய், 20 நிமிடம் அங்கேயே சற்று ஏற்றி இறக்கி வைத்திருங்கள். அதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தமானி அசையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். வாரக்கணக்கில் நின்ற காரை எடுக்கும்போதும், தீப்பொறி இல்லாமல் சிறிது சுற்றவிட்டு அழுத்தம் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிறகு லிம் சூ காங் பக்கம் போக்குவரத்து குறைந்த நேரத்தில் எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 வரை அழுத்தி, காலை எடுத்து, மறுபடி 40-க்கு வரவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தாலே ரிங் படிந்துவிடும்.

இன்றைய காருக்கான எண்ணெயை ஊற்றுவது

புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி மாற்றியைக் காப்பதற்காக இன்றைய பல எண்ணெய்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைக்கப்பட்டிருக்கின்றன. பழைய கேமுக்கு அவை தேவை.

பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது

லேத் பட்டறையிலிருந்து பிளாக்கை எடுக்கும்போது அளவுகளை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், நெடுக்கிலும் குறுக்கிலும் வேண்டும். கிராங்க்கின் ஒவ்வொரு ஜர்னலும் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) இரண்டு திசையில் வேண்டும். அடைப்பான்கள் கழற்றிய நிலையில் ஒரு படமும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்குகிறார்கள் என்றால், வீட்டுக்கு வந்து அந்த அடைப்பான்களை நீங்களே எடுத்துக் கழுவிய பிறகுதான் முதல் பேரிங்கைக் கையில் எடுக்க வேண்டும்.