எண்ணெயைக் கலக்கும் முன்: எலிகளில் பெருங்குடல் புற்றுநோய் ஆய்வு, தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வருபவர்களின் ஆய்வுத் திட்டங்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். கையுறை, லேபிள், எடைப் பதிவு எல்லாம் தானாகப் பழகிவிடும், அதை விடுவோம். ஆய்வையே பாழாக்கும் தவறுகள் பெரும்பாலும் தீவனத்தில்தான் இருக்கின்றன.

இருக்கிற தீவனத்தில் எண்ணெயை ஊற்றுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கொழுப்பு அதிகமான உணவு குடல் கட்டியை வளர்க்கிறதா என்று பார்க்க, 80 கிராம் தீவனம், 20 கிராம் எண்ணெய், கலந்தால் கொழுப்பு உணவு தயார் என்று நினைக்கிறார்கள். எலி பெரும்பாலும் கலோரிக்காகத்தான் தின்கிறது. சாதாரணத் தீவனத்தில் கிராமுக்கு 3.8 கலோரி என்றால், நாளுக்கு 15 கிராம் தின்னும் எலிக்கு 57 கலோரி கிடைக்கும். கலவையில் கிராமுக்கு 4.84 கலோரி. அதே 57 கலோரிக்கு 11.8 கிராம் போதும். அதில் பழைய தீவனம் 9.4 கிராம்தான். புரதம், நார், வைட்டமின், கால்சியம் எல்லாமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகின்றன. குடலைப் புண்படுத்தக்கூடிய பித்த அமிலங்களைப் பிடித்து வைப்பதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு. பிறகு, கட்டியை வளர்த்தது கொழுப்பா, கால்சியக் குறைவா?

இன்னொன்றும் இருக்கிறது. கருகிய இறைச்சியில் உருவாகும் பிஹெச்.ஐ.பி என்ற நச்சை 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) அளவில் இரு குழுவின் உணவிலும் கலந்திருந்தால், முதல் குழுவுக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் போகும், எண்ணெய்க் குழுவுக்கு 4.7 மட்டுமே.

ஒரு மாணவர், "கொழுப்புக் குழுவில் கட்டி குறைவு சார்" என்று சந்தோஷமாக வந்தார். எலிகள் எவ்வளவு தின்றன என்று கேட்டேன். தொட்டியில் போட்ட அளவைத்தான் எழுதி வைத்திருந்தார். கம்பிவலைக்குக் கீழே சிந்திக் கிடந்த தூளை யாரும் எடை போடவே இல்லை. அத்தனை மாத உழைப்பும் வீண்.

சரி, என்ன செய்வது? மாவுச்சத்தை எடுத்துவிட்டு அதே கலோரிக்குக் கொழுப்பைச் சேருங்கள். மற்ற சத்துகளைக் கலோரிக் கணக்கில் இரு குழுவுக்கும் சமமாக்குங்கள். சிந்தியதைக் கழித்து, தின்றதை எழுதுங்கள்.

ஒப்பீட்டுக் குழுவுக்குக் கடைத் தீவனம்

வேண்டாம். சோயா, தவிடு எல்லாம் அதில் இருக்கும், மூட்டைக்கு மூட்டை மாறவும் செய்யும்.

உணவை மாற்றும் நேரம்

எலிகளுக்குக் குடல் கட்டியை வரவழைக்கப் போடும் அசாக்சிமீத்தேன் ஊசிக்கு முன்பே உணவை மாற்றினால், அதைச் செயல்பட வைக்கும் கல்லீரல் நொதிகளும் மாறலாம். கட்டி வளரும் கட்டத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், கடைசி ஊசி போட்டுச் சில நாள் கழித்து மாற்றுங்கள்.

நீலச் சாயத்தில் தெரிவதெல்லாம் கட்டியல்ல

மெத்திலீன் நீலச் சாயத்தில் பெரிதாகத் தெரியும், குடலின் உட்சுவரில் உள்ள பிறழ்ந்த நுண்குழிகளில் பெரும்பாலானவை கட்டியாவதில்லை. எண்ணுபவருக்கு எந்தக் குழுவின் குடல் என்று தெரியவும் கூடாது.

ஒரு குழு முழுக்க ஒரே கூண்டில்

எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும், அதனால் ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது கூண்டுகளைத்தான்.

400 பிபிஎம்மை மனிதத் தட்டுக்குக் கொண்டுபோவது

சமைத்த இறைச்சியில் இந்த நச்சு கிராமுக்கு நானோகிராம் கணக்கில் இருக்கும். 400 பிபிஎம் என்பது கிராமுக்கு 4 லட்சம் நானோகிராம். அதைச் செயல்பட வைக்கும் நொதியின் வேகமும் எலிக்கும் மனிதருக்கும் ஒன்றல்ல. கட்டுரைத் தலைப்பில் "எலிகளில்" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள்.