எம்புவதற்கு முன் இறங்கப் பழகுங்கள்: வாலிபால் பிள்ளைகளுக்கான வலுப் பயிற்சி

என்னிடம் வாலிபால் பழக வரும் பையன்கள் கேட்பது ஒன்றைத்தான்: "சார், ஜம்ப் ஏத்தணும்." ஆசை நியாயமானது. ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. அதற்கு மேல் கை போனால்தானே ஸ்மாஷ்? ஆனால் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இறங்குவதை. முழங்கால் கெடுவது பெரும்பாலும் தரையைத் தொடும்போதுதான்.

ஒரு முப்பது சென்டிமீட்டர் படி போதும். அதிலிருந்து காலை எடுத்து வைத்து, இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இறங்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. முழங்கால் மடங்கி, கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். இறங்கிய நிலையில் இரண்டு விநாடி அப்படியே நிற்கட்டும். ஐந்து முறை, மூன்று சுற்று. முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள்; முழங்கால் உள்பக்கம் சாய்வது அப்போதுதான் பிடிபடும். பெண் பிள்ளைகளிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் வலு. வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. பஸ்கி பத்துப் பத்தாக மூன்று சுற்று, குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. அது சுலபமானதும் மணல் கட்டிய பள்ளிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போடலாம். பின்காலைத் திண்ணையில் வைத்து ஒற்றைக்காலில் எட்டு பஸ்கி. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்துவது, இவ்வளவுதான். இன்னும் இரண்டு போட முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். பாரம் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். சரியான முறையில், கண்காணிப்போடு, அளவான பாரம் என்றால் அப்படி எதுவும் ஆகாது. யூடியூப் பார்த்து டிராக்டர் டயரைப் புரட்டுவதுதான் வேண்டாத வேலை.

தோளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்டால் மட்டும் போட்டுப் போட்டு நெஞ்சு இறுகும், முதுகுப்பக்கம் பலவீனமாகவே கிடக்கும். வலைக் கம்பத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். பதினைந்து, இரண்டு சுற்று. அதே டியூபை நெஞ்சை நோக்கி இழுப்பதும் வேண்டும். ஒரு சுற்றுத் தண்டாலுக்கு ஒரு சுற்று இழுப்பு, இது என் கணக்கு. ஸ்மாஷ் அடிக்காமல் பின்வரிசையில் பந்தெடுக்க மட்டுமே நிற்கும் லிபரோ ஆட்டக்காரருக்கும் இதில் விலக்குக் கிடையாது.

இறங்குவது சுத்தமான பிறகே எம்பும் பயிற்சி. புதியவர்களுக்கு ஒரு நாளில் நாற்பது குதிப்புப் போதும், அதுவும் மண் தரையில். மளமளவென்று உயரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள மேட்டில் வலி என்றால் குதிப்பைக் குறையுங்கள். வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கோயில் கொடைக்கு மின்னொளிப் போட்டி வருகிறதா? இரண்டு நாள் முன்பே பஸ்கியை நிறுத்திவிடுங்கள். டியூப் மட்டும் போதும்.