ஒரு முறை காய்ந்த மூசை: தொடக்கநிலையினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டின் பின்கட்டுக்கு, அலுமினியம் உருக்கிப் பழக ஒரு தம்பி வந்திருந்தார். இணையத்தில் வாங்கிய களிமண்-கிராஃபைட் மூசை (உலோகத்தைப் போட்டு உருக்கும் பாத்திரம்) ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். ஈரம் போகக் காய வைத்தீர்களா என்று கேட்டேன். “போன மாதமே காய வைத்துவிட்டேன், அண்ணே” என்றார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கையுறை, முகக்கவசம், காற்றோட்டம் ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டதால், மூசையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியின் மேலுள்ள எண்ணை நம்புவது

“1 கிலோ” என்று விற்கப்படும் சிறிய மூசை பெரும்பாலும் 1 கிலோ தங்கத்துக்கு அளந்து செய்யப்பட்டது. தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம் மட்டுமே. ஆகவே அதே மூசையை விளிம்புவரை நிரப்பினாலும் 140 கிராம் அலுமினியத்துக்கு மேல் கொள்ளாது. கொள்ளளவைச் சரிபார்க்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரிசியைக் கொட்டி அளந்தால் போதும்.

“1,600 டிகிரி” என்ற எண்ணும் அப்படித்தான். வெள்ளை அலுமினா மூசை அந்த வெப்பத்தைத் தாங்குவது உண்மையே. ஆனால் மின்னுலையில் மெதுவாகச் சூடேற்றினால்தான் தாங்கும். டார்ச் சுடரை நேராகக் காட்டினால் விரிசல் விடும். பத்தர்கள் டார்ச்சுக்குப் பயன்படுத்தும் வெள்ளைக் கிண்ணம் பார்வைக்கு அதைப் போலிருந்தாலும் சிலிக்காவால் ஆனது. முதல் உருக்கலுக்கு முன் அதன் உட்புறத்தில் வெங்காரத்தை (போராக்ஸ்) உருக்கிப் பூசிக்கொள்வார்கள்.

தட்டிப் பாராமல் ஏற்றுக்கொள்வது

பெட்டியைப் பிரித்தவுடன் விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசலோ ஈரமோ இருக்கிறது.

ஒரு முறை காய்ந்தால் எப்போதும் காய்ந்ததே என்று எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. என் இரண்டாவது மூசையை ஜூலை மாதத்தில் முறைப்படி காய வைத்து, வெறுமையாகவே செந்நிறம் வரும்வரை சூடேற்றி, உலைக்குள்ளேயே ஆறவிட்டு, பின்கட்டின் சிமெண்டுத் தரையில் கவிழ்த்து வைத்தேன். அக்டோபர் மழையில் சுவரே வியர்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், அதில் பழைய பித்தளைக் குழாய்த் துண்டுகளைப் போட்டு, எடுத்த எடுப்பிலேயே எரிவாயுவை முழுதாகத் திறந்துவிட்டேன். சிறிது நேரத்தில் ‘டப்’ என்ற ஓசையுடன் வெளிப்பூச்சிலிருந்து இருபது சென் நாணய அளவில் ஒரு சில்லு தெறித்தது. அப்போதே அடுப்பை அணைத்திருக்க வேண்டும்; ஆனால் மேற்பூச்சுதானே என்று தொடர்ந்தேன். சில்லு விழுந்த இடத்திலிருந்து அடிவரை விரிசல் ஓடி, உருகிய பித்தளை உலையின் அடித்தளத்தில் பரவிப் பர்னர் துளைக்குள் புகுந்து உறைந்தது. மூசையின் விலை 65 ரிங்கிட்தான். ஆனால் உலையின் உட்பூச்சை முழுவதும் பெயர்த்து மீண்டும் பூசவும், புதிய பர்னர் வாங்கவும் அதைப்போல் ஐந்து மடங்கு செலவானது.

காரணம் எளியது. களிமண்-கிராஃபைட் மூசை நுண்துளைகள் உள்ளது; ஈரக்காற்றில் வைத்தால் நீரை உறிஞ்சும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடைகிறது. மெதுவாகச் சூடேற்றினால் அந்த ஆவி துளைகளின் வழியே வெளியேறிவிடும். சட்டென்று சூடேற்றினால் வழியில்லாமல் சுவரை உடைத்துக்கொண்டு வரும். இந்தத் தீவின் காற்றில் ஜூலையில் காய்ந்தது அக்டோபர்வரை காய்ந்தே இருக்காது.

இப்போது ஒவ்வொரு முறையும் தராசை வைத்தே முடிவு செய்கிறேன். மூசையை நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, வீட்டு ஓவனில் 200 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து மீண்டும் நிறுக்கிறேன். எடை குறைந்திருந்தால் திரும்பவும் ஒரு மணி நேரம் உள்ளே வைக்கிறேன். அடுத்தடுத்த இரு அளவுகள் ஒத்துப்போகும்வரை அதில் உலோகம் போடுவதில்லை. அந்தத் தம்பியின் மூசை முதலில் 642 கிராம் இருந்தது. ஓவனிலிருந்து எடுத்தபோது 633. ஒன்பது கிராம் நீர் அதற்குள் இருந்திருக்கிறது. அவர் தராசைத் தட்டிப் பார்த்து, பழுதா என்று கேட்டார்!

உலோகத்தைத் திணிப்பது

உலோகம் மூசையைவிட அதிகம் விரிவடையும். துண்டுகளை இறுக்கி அடைத்தால் அவை மூசையை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

மிச்சத்தை அடியில் உறையவிடுவது

கூடாது. சூடாக இருக்கும்போதே கவிழ்த்துவிடுங்கள்.

எல்லா உலோகத்துக்கும் ஒரே மூசை

ஒவ்வோர் உலோகத்துக்கும் தனித்தனி மூசை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளீயத்துக்கு மூசை வாங்குவது

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சமையலுக்கு இனிப் பயன்படாத எஃகுக் கரண்டி ஒன்றே அதற்குப் போதும். மூசைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு கிராம்வரை துல்லியமாகக் காட்டும் தராசை வாங்குங்கள்.