பாஸ்போலிப்பேஸ் டி: இலையை அரைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

செடியின் செல் சவ்விலுள்ள கொழுப்பை உடைக்கும் நொதி பாஸ்போலிப்பேஸ் டி. உடைத்ததும் கோலினும் பாஸ்பாடிடிக் அமிலமும் கிடைக்கும். அந்த அமிலத்தைக் கழிவு என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் கூடும்போது, இது ஏபிஐ1 என்ற புரதத்தைப் பிடித்துச் சவ்வோடு கட்டிப்போடுகிறது. இலைத்துளை மூடவிடாமல் தடுப்பதே அந்தப் புரதம்தான். ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், இந்த நொதியின் ஒரு வகையான ஆல்பா1-க்குரிய மரபணுவை முடக்கினால் செடி கூடுதலாக நீரை இழக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அளக்கும்போது நடக்கும் தவறு. இலையைப் பறித்து, உரலில் இட்டு அரைத்து, அப்புறம் கொழுப்பைப் பிரிப்பார்கள். அரைபடும்போதே செல்லுக்குள் அடைபட்டிருந்த கால்சியம் வெளியே வந்துவிடும். நொதிக்கு அதுதான் தூண்டுகோல். சில நிமிடங்களில் பாஸ்பாடிடிக் அமிலம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். அதைப் பார்த்து 'வறட்சியால் வந்த சமிக்ஞை' என்று எழுதினால், மாதக்கணக்கான உழைப்பு வீண். திரவ நைட்ரஜனில் உறையவைத்தாலும், பிறகு உருகவிட்டால் இதே கதைதான். சரி, என்ன செய்யலாம்? 75 டிகிரியில் சூடாக இருக்கும் ஐசோபுரொப்பனாலில், பறித்த கையோடு இலையை முழுசாகப் போட்டுவிடுங்கள். இலை துவண்டு, பச்சை மெல்லத் திரவத்தில் இறங்கும். நொதி அங்கேயே செத்துவிடும். 15 நிமிடம் போதும்.

1-பியூட்டனால் என்ற ஆல்கஹாலை இந்த நொதியின் 'தடுப்பான்' என்று எழுதுவதும் தவறு. அது நொதியை நிறுத்துவதில்லை. பாஸ்பாடிடிக் அமிலத்துக்குப் பதில் பாஸ்பாடிடில்பியூட்டனால் உருவாகும்படி திருப்பிவிடுகிறது. ஆல்கஹாலே வேருக்குக் கெடுதல் செய்யலாம் என்பதால், இந்த நொதி பயன்படுத்தாத ஆல்கஹாலான டெர்ட்-பியூட்டனாலை ஒப்பீட்டுக்கு வைக்காத சோதனையை நான் நம்புவதில்லை. மரபணு நீக்கிய செடியும் கூட இருந்தால் இன்னும் நல்லது.

பாஸ்பாடிடிக் அமிலம் கூடினாலே இந்த நொதிதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பாஸ்போலிப்பேஸ் சி என்ற வேறொரு நொதி உண்டாக்கும் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பிலிருந்து, பாஸ்பேட்டைச் சேர்க்கும் கைனேஸ் நொதி வழியாகவும் அது உருவாகும்.

இன்னொன்று, இதை ஒற்றை நொதியாகப் பேசுவது. அராபிடாப்சிஸில் இதற்கு 12 மரபணுக்கள் இருக்கின்றன. ஜீட்டா வகை, பாஸ்பேட் பஞ்சத்தில் வேர் வளர்ச்சிக்குக் கைகொடுக்கிறது. எப்சிலானைக் கூட்டினால் நைட்ரஜன் சமிக்ஞை வலுத்துச் செடி செழிக்கிறது. உறைபனியில் ஆல்பா1 குறைந்த செடி அதிகமாகப் பிழைக்கிறது. டெல்டா இல்லாத செடியோ சீக்கிரம் மடிகிறது.