எலும்புக் கட்டிக்குள் டி செல்களைப் படம் பிடிப்பது எப்படி?

சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்துப் பக்கம் ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் உள்ள சுண்டெலிக்குச் சிகிச்சை கொடுத்த பிறகு, டி செல் போன்ற நோயெதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் நுழைந்தனவா, ஓரத்திலேயே நின்றுவிட்டனவா என்று எப்படிப் பார்ப்பது? விலங்கு ஆய்வு அனுமதி, எலியைக் கையாளும் முறை எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கட்டியுள்ள எலும்பை, திசு கெடாமலிருக்க, 4% பாராஃபார்மால்டிஹைடில் குளிரறையில் ஓர் இரவு வைத்துக் கழுவுங்கள். அப்புறம்தான் பெரிய வேலை, சுண்ணாம்புச் சத்தை நீக்குவது. அமிலம் ஊற்றினால் சீக்கிரம் முடியும். ஆனால் செல்களுக்கு அடையாளமாகப் பச்சை ஒளிர்புரதம் வைத்திருந்தால் அது மங்கும், சாயத்தைச் சுமந்துபோய்ச் செல்லில் ஒட்டும் ஆன்டிபாடிக்கு வேண்டிய இடங்களும் சிதையும். அதனால் கால்சியத்தை மெதுவாகப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏதான். தூளைத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு கலக்கினாலும் பால்போல நிற்கும், பயப்படாதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பிஎச் 8-ஐ நெருங்கும்போது சட்டென்று தெளியும். எலும்பின் அளவைப்போல 20 மடங்கு கரைசல் ஊற்றி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சுண்டெலியின் கால் எலும்புக்கு இரண்டு வாரம் ஆகலாம். முடிந்ததா என்று ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, கட்டியே கிழிந்துவிடும். மைக்ரோ சிடி (சின்ன மாதிரிகளுக்கான எக்ஸ்ரே ஸ்கேன் கருவி) இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள்.

பிறகு 30% சர்க்கரைக் கரைசலில் மூழ்கும்வரை வைத்து, உறையவைத்து, 20 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள்.

சாயத்துக்கு வருவோம். எலும்பும் மஜ்ஜையும் பச்சை நிறத்தில் தானாகவே ஒளிரும். ஆகவே, புற்றுசெல்லைக் கொல்லும் வகையான சிடி8 டி செல்லுக்கு அலெக்ஸா 647 போன்ற அடர்சிவப்புச் சாயம்தான் என் தேர்வு. டி செல்லுக்கு பிரேக் போடும் பிடி-1 புரதத்தை முடக்கும் மருந்து என்றால் சிடி8. ஐரோப்பாவில் 2009-ல் அனுமதி பெற்ற மிஃபாமுர்டைட் மாதிரி மருந்து என்றால், விழுங்கி அழிக்கும் செல்லான மேக்ரோஃபேஜ். மருந்து எதைத் தூண்டுகிறதோ அதைத் தேடுங்கள்.

டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப் (இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் லேசர் நுண்ணோக்கி) கிடைத்தால், எலும்பின் நார்ப் புரதமான கொலாஜனுக்குச் சாயமே வேண்டாம். 900 நானோமீட்டர் லேசர் பட்டால் கொலாஜன் 450-ல் ஒளி தரும். நல்ல எலும்பில் அந்த இழைகள் வரிசையாகவும், கட்டி உண்டாக்கிய எலும்பில் தாறுமாறாகவும் தெரியும். கட்டியின் எல்லையைக் கணிக்க அது பெரிய உதவி. ஒன்று மட்டும் கவனம்: செல்லின் உட்கருவுக்குப் போடும் சாயமான டாப்பியின் ஒளியும் அதே நீலத்தில்தான் விழும். கொலாஜனை முதலில் படம் பிடித்துவிட்டு டாப்பி போடுங்கள்.

சிகிச்சை பெற்றது, பெறாதது இரண்டுக்கும் லேசர் அளவையும் கெயினையும் (ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) மாற்றவே கூடாது. தானாக ஒளிர்வது எவ்வளவு என்று தெரிய, சாயம் போடாத துண்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

செல்களை எண்ண க்யூபாத் என்ற மென்பொருள் போதும், இலவசம். மொத்த எண்ணிக்கையோடு நிற்காமல், ஒவ்வொரு செல்லும் கட்டியின் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் அளந்துவிடுங்கள்.

பின்குறிப்பு: உறையவைக்காமல் பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டிய துண்டு, ஆன்டிபாடி ஒட்டும் இடங்களை மீட்கக் கொடுக்கும் 95 டிகிரி சூட்டில் கண்ணாடியை விட்டுக் கழன்று வந்துவிடுகிறது என்று ஜூரோங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். எலும்புக்கு அந்தச் சூடு ஒத்துவராது. 60 டிகிரியில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், சரி வரும்.